கஞ்சிக்கடைக்குப் போன மாப்பிள்ளை வீட்டார்

மட்டாஞ்சேரிக்குப் போகிறோம், எங்கே சாப்பிடலாம் என்று என்னிடம் யாரும் கேட்காதீர்கள். எனக்குக் கோபம் வரும். நம் வயசுச் செட்டில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்குப் பல் கிடையாது. இந்த லட்சணத்தில் எங்கே சாப்பிட்டால் என்ன? ஆனால் கோபத்துக்குக் காரணம் அது அல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒரே ஓர் ஆளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் என் அத்தா, என்னைப் பெற்றவர். மற்றவர்கள் எல்லாம் தங்கள் வாய்க்குப் பிடித்ததைச் சொல்லி அனுப்பிவைக்கிறவர்கள்.

அத்தா சுக்கு, மிளகுத் தரகர். கொச்சிக் காயலை ஒட்டின பஜார் தெருவில் குடோன்களுக்கு நடுவே அவருக்கு ஒரு ஸ்டூல் போடும் இடம் இருந்தது, அதுதான் ஆபீஸ். மாசி மாதம் சுக்கு வந்து இறங்கும்போது தெரு முழுக்க வெள்ளையாகத் தூசி பறக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தும்மல் வராது. படகுத் துறையிலிருந்து யாராவது தும்மிக்கொண்டே வந்தால் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். போடியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வருவார்கள், கட்ச்சிலிருந்தும் வருவார்கள். வியாபாரம் படிகிறதோ இல்லையோ, பன்னிரண்டு மணிக்கு எல்லோருக்கும் பசிக்கும். உடனே அத்தாவிடம் வந்து நிற்பார்கள்.

அத்தா மூன்று கேள்வி கேட்பார். எந்த ஊர், கடைசியாக எப்போது சாப்பிட்டது, இங்கிருந்து எங்கே போக வேண்டும். பிறகு அந்த ஆளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். சுக்கை உடைத்துப் பார்க்கிற மாதிரியே பார்ப்பார். அப்புறம் கையை நீட்டி, இந்தச் சந்தில் போய் அந்த மாடி ஏறு என்பார். இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்த வடக்கத்திக் கணக்கப்பிள்ளைக்கு குஜராத்தித் தெரு மாடியில் நெய் தடவின ரொட்டியும் பருப்பும். காலையில் வந்து இறங்கும் போடிச் செட்டியாருக்குக் கொங்கணிக்காரர் கடை இட்டலி, அதுவும் எட்டு மணிக்கு முன்னால். அதற்குப் பிறகும் அதே இட்டலிதான், ஆனால் பரிமாறுகிறவர் அலுத்துப்போயிருப்பார் என்பார். வயிறு நிறையத் தின்றுவிட்டுத் திண்டாடுகிறவனுக்குப் படகுத் துறை ஓரத்தில் எலுமிச்சை பிழிந்த, பால் விடாத சுலைமானிச் சாயா. ஐந்து வேளை தொழுகிறவர், கள்ளுக்கடைக்கும் வழி சொல்லுவார். கள் எப்படியோ எனக்குத் தெரியாது, ஆனால் அங்கே மீன் கறி தின்றுவிட்டு வருகிறவன் எவனும் வாயைத் துடைப்பதில்லை என்று சொல்லுவார்.

ஒரு தடவை விருதுநகர்க்காரர் ஒருவர் வந்தார். சரக்கு நனைந்து வீணாகி, முகம் செத்துப்போயிருந்தது. அத்தா அவரைச் சாப்பாட்டுக் கடைக்கே அனுப்பவில்லை. ஃபோர்ட் கொச்சிப் பக்கம் ஒரு ரொட்டிக் கடையில் திராட்சை போட்ட ரொட்டி மூன்று மணிக்குச் சூடாக வரும், ஒன்று வாங்கிக்கொண்டு சீனவலை இறக்குகிற இடத்தில் போய் உட்காருங்கள், பிய்த்துப் பிய்த்துத் தின்னுங்கள், அவசரப்படாதீர்கள் என்றார். சாயங்காலம் அந்த ஆள் திரும்பி வந்து அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் அத்தாவுக்குத் தெரியாதது இந்த உலகத்தில் இல்லை என்று நினைத்து எனக்கு உடம்பே சிலிர்த்துப்போனது.

இதில் இன்னொரு அதிசயம் இருக்கிறது. அந்தக் கடைகளில் ஒன்றில்கூட அத்தா சாப்பிட்டது கிடையாது. அவருக்குக் குடலில் புண். மிளகுக்கு நடுவில் வாழ்ந்த மனிதர் மிளகைத் தொடக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மூன்று வேளையும் நொய்க் கஞ்சிதான். மத்தியானக் கஞ்சியை அம்மா ஒரு பித்தளைத் தூக்கில் ஊற்றித் தருவாள், நான்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஊருக்கெல்லாம் பிரியாணி எங்கே, பொரித்த மீன் எங்கே என்று கையைக் காட்டிவிட்டு, குடோன் கதவுக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்து அந்தக் கஞ்சியைக் குடிப்பார். வெளியூர்க்காரர்கள் யாருக்கும் இது தெரியாது.

ஒரு நாள் கேட்டேவிட்டேன், தின்னாமலே எப்படித் தெரியும் என்று. அவர் சிரித்தார். மகளே என்பதை மோளே என்றுதான் சொல்லுவார்.

"உள்ளே போறவன் முகத்திலே பசிதான் மோளே இருக்கும், அதிலே ஒண்ணும் தெரியாது. வெளியே வர்றவன் முகத்தைப் பாரு."

அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாயாக்கடை ஒன்றுக்கு எதிரே நிறுத்தினார். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு மெதுவாகக் காட்டிக் கொடுத்தார். வெளியே வந்ததும் பீடி பற்றவைக்கிறானே, அவன் வாயில் இருக்கும் ருசியைக் கொல்லப் பார்க்கிறான். படியில் ஒரு நிமிஷம் சும்மா நிற்கிறானே, அவனுக்குப் போக மனசில்லை. வெற்றிலைக்காரனைத் தேடுகிறவன், வேட்டியை இழுத்துக் கட்டிக்கொள்கிறவன், கூட வந்தவனிடம் சண்டையைத் தொடர்கிறவன் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அர்த்தம் இருந்தது. வேலை இல்லாத மத்தியானங்களில் அத்தா ஊர் முழுக்க ஒவ்வொரு கடைக்கும் எதிரே போய் நின்று இப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், வருஷக் கணக்காக. சின்னத்தா, அதாவது அத்தாவின் தம்பி, இதை வெட்டி வேலை என்பார். அம்மாவுக்கும் அதே எண்ணம்தான். எனக்கு மட்டும் அன்றிலிருந்து மட்டாஞ்சேரித் தெருவில் நடப்பதே வேறு விதமாக ஆகிவிட்டது. எந்தக் கடை வாசலைக் கடந்தாலும் நின்று முகம் பார்ப்பேன்.

அந்தச் சுக்கு சீசனில்தான் அக்காவைக் கேட்டு வந்தார்கள். அக்காவுக்கு வயது பதினெட்டு. அதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதும் தட்டினால் பெண்ணுக்கு ஏதோ குறை என்று ஊர் பேசும் என அம்மாவுக்குக் கிலி. வந்தது பாலக்காட்டில் அரிசி மண்டி வைத்திருக்கிற குடும்பம். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒரு கல்யாணத்தில் அக்காவைப் பார்த்துவிட்டார்கள், பிடித்தும்போயிற்று. ஆண்கள் வந்து பேசி முடிப்பதுதான் பாக்கி.

எனக்கு அந்தச் சம்பந்தமே வேண்டாம். காரணம் ரொம்பச் சின்னது. எனக்குத் தலை பின்னி விடுவது அக்கா, கணக்குச் சொல்லித் தருவது அக்கா, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுப்பது அக்கா. அம்மாவுக்கு வீட்டு வேலையோடு தையல் வேலையும் இருந்தது. அக்கா பாலக்காட்டுக்குப் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அக்காவுக்கு இஷ்டமா என்று யாரும் யோசித்ததாகவும் தெரியவில்லை. அது எனக்கு அப்போது தோன்றவும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்பந்தம் முடிவாகும் முன்னால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாயா, பலகாரத்தோடு சரி. ஆனால் அவர்கள் விடிகாலை ரயில் ஏறி, எர்ணாகுளத்தில் இறங்கி, படகு பிடித்து வருகிறவர்கள். மத்தியானம் எங்கேயாவது சாப்பிட்டாக வேண்டும். எங்கே அனுப்புவது? அத்தா வாய் திறப்பதற்கு முன்னாலேயே அம்மாவும் சின்னத்தாவும் முடிவு செய்துவிட்டார்கள், பெரிய பிரியாணிக் கடைதான் என்று. சின்னத்தா முதல் நாளே போய்ச் சொல்லியும் வைத்துவிட்டார்.

அத்தா படகுத் துறைக்கு அவர்களை அழைக்கப் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். மூன்று பேர் இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய அத்தா, அவருடைய தாய்மாமன். சலாம் சொல்லி முடிந்ததும் அத்தா வழக்கம்போல மூன்று கேள்வியையும் கேட்டார். மாப்பிள்ளையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, இவங்களைக் கஞ்சிக்கடைக்குக் கூட்டிட்டுப் போ மோளே, நான் வீட்டுக்குப் போய் ஏற்பாட்டைப் பாக்கறேன் என்றார்.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்றிருந்தது. கஞ்சிக்கடை என்றால் குடோன்களின் பின்பக்கம், இத்தாத்தா, அதாவது அக்கா, என்று ஊரே கூப்பிட்ட ஓர் அம்மாள் நடத்திய ஓலைக் கொட்டகை. கணவர் இறந்த பிறகு அந்த அம்மாள் தனியாளாக நடத்தினார். மூட்டை தூக்குகிறவர்கள் சாப்பிடுகிற இடம். நீள பெஞ்சு ஒன்று, மண்சட்டியில் கஞ்சி, பயறு, சுட்ட பப்படம், பலா இலையை மடித்து ஈர்க்குக் குத்தின கரண்டி. பெஞ்சின் ஒரு கோடியில் அடுப்பை ஒட்டி மத்திக் குழம்புச் சட்டி இருக்கும். அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. சட்டிக்குப் பக்கத்தில் எவர் உட்காருகிறாரோ அவர்தான் பெஞ்சு முழுவதற்கும் குழம்பு ஊற்ற வேண்டும். முதலாளியானாலும் சரி, மூட்டைக்காரர் ஆனாலும் சரி. இத்தாத்தாவுக்கு இரண்டு கைதானே.

நாங்கள் போனபோது அந்தக் கோடியில்தான் இடம் இருந்தது. தாய்மாமன் வாசலிலேயே நின்றுவிட்டார், முகம் அஷ்டகோணலாக இருந்தது. மாப்பிள்ளையின் அத்தா நடுவில் புகுந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்குச் சட்டிக்குப் பக்கத்து இடம்தான் வாய்த்தது. அவர் கஞ்சியில் கை வைக்கும் முன்னால் இத்தாத்தா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"மோனே, நீ விளம்பு."

பரிமாறு என்கிறார் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு அகப்பையை எடுத்துவிட்டார். முதலில் எனக்கு ஊற்றினார். பிறகு எழுந்து நின்று வரிசையாக ஊற்றிக்கொண்டே போனார். ஒரு கிழட்டுச் சுமைக்காரர் எனக்கு மீன் தலைக்கஷணம் வேண்டும் என்றார். சட்டிக்குள் தேடித் தலையைக் கண்டுபிடித்துப் போட்டார். இன்னொருவர் இன்னும் கொஞ்சம் என்றார், அதுவும் ஊற்றினார். யாருக்கும் அவர் மாப்பிள்ளை என்று தெரியாது. மாப்பிள்ளையின் அத்தா, அரிசி மண்டிக்காரர் அல்லவா, மூன்று சட்டி கஞ்சி குடித்துவிட்டு, இது எந்த அரிசி என்று இத்தாத்தாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் கடைசிவரை உட்காரவே இல்லை. பெண் கேட்டு வந்தவர்களைக் கஞ்சி குடிக்கச் சொன்ன வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வாசலிலிருந்தே இரண்டு தடவை சொன்னார்.

அந்தக் கஞ்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குத்தரிசிக் கஞ்சி, சிவப்பாக, தேங்காய்த் துருவல் மிதக்கும். பலா இலை சூட்டில் லேசாக வெந்து அதன் பச்சை வாசனையும் கஞ்சியில் இறங்கியிருக்கும். புளி போட்ட மத்திக் குழம்பை நாக்கில் வைத்ததும் கண் கலங்கும். பிற்காலத்தில் நான் எங்கெங்கேயோ சாப்பிட்டேன். அந்த மத்தியானம் என் நாக்குக்குக் கிடைத்தது அதற்குப் பிறகு கிடைக்கவே இல்லை. இப்போது அந்த இடத்தில் பழைய சாமான் விற்கிற கடை இருக்கிறது, வெளிநாட்டுக்காரர்கள் வந்து பித்தளைத் தூக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

வெளியே வரும்போது மாப்பிள்ளையின் சட்டையில் நெஞ்சுக்கு நேரே பெரிய குழம்புக் கறை. குனிந்து பார்த்துவிட்டு என்னிடம், இதை எங்க அம்மா பாத்தா இனி கொச்சிப் பக்கமே விடமாட்டா, நீ காட்டிக் கொடுக்காதே என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. அவர் படியில் இறங்காமல் ஒரு நிமிஷம் சும்மா நின்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

நான்கு மணிக்கு வீட்டில் சாயா, பலகாரம் நடந்தது. கஞ்சிக்கடை விஷயம் தெரிந்ததும் அம்மா அடுக்களையில் தலையில் அடித்துக்கொண்டாள், சம்பந்திக்கு ஜெயில் சாப்பாடு போட்ட மனுஷன் என்று. தாய்மாமன் பலகாரத்தைத் தொடவில்லை. கடைசியில் அத்தா சொன்னதுதான் எல்லோரையும் திகைக்க வைத்தது. யோசித்துக் கடிதம் எழுதுகிறேன் என்றார். பெண் வீட்டார் தவணை கேட்பதா? சின்னத்தா எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர்கள் படகு ஏறிப் போன பிறகு அத்தா என்னைக் கிணற்றடிக்கு அழைத்தார். வெளியே வரும்போது மாப்பிள்ளை முகம் எப்படி இருந்தது என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாய்மாமனுடைய முகத்தை அப்படியே எடுத்து மாப்பிள்ளைக்கு ஒட்டிவைத்தேன். உட்காரவே மாட்டேன் என்றார், முகத்தைச் சுளித்தார், சட்டையில் குழம்பு பட்டதற்கு இத்தாத்தாவைத் திட்டினார், வெளியே வந்ததும் பீடி பற்றவைத்தார் என்றேன். பீடியை அழுத்திச் சொன்னேன். அத்தா எனக்குக் கற்றுக் கொடுத்த பாடத்தை வைத்தே அத்தாவை ஏமாற்றினேன். அவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னார், என்னைப் போகச் சொன்னார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் கடிதம் போகவில்லை. அந்த மூன்று நாளை நான் மறக்கவில்லை. அம்மா அத்தாவோடு பேசவில்லை. சீர் அதிகம் கேட்டிருப்பார்கள், அதனால்தான் அண்ணன் தயங்குகிறார் என்று சின்னத்தா பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார். நான் சொன்ன ஒரு சொல்லுக்கு இவ்வளவு பெரிய வீடே நின்றுபோயிருக்கிறதே என்று முதல் நாள் பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் பயம் வந்தது. அக்கா அடிக்கடி மொட்டை மாடிக்குப் போய்க் காயலில் போகிற படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டாள், அதற்குத் திட்டு வாங்கிக்கொண்டே மறுபடியும் மாடி ஏறினாள். மூன்றாவது இடமும் தட்டிப்போன துக்கம் என்று நினைத்து நான் அழுதேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அத்தாவின் ஸ்டூல்வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். நான்காம் நாள் காலையில் அத்தா கடிதத்தைத் தபாலில் போட்டார். சம்மதம் என்று எழுதியிருந்தார்.

ஏன் எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை. அக்கா பாலக்காட்டுக்குப் போனாள். மச்சான் நல்ல மனிதர். அவர்கள் வீட்டு விருந்துகளில் அவர்தான் அகப்பையோடு நிற்பார். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். அத்தா எனக்குப் பதினாறு வயசில் அந்தக் குடல் புண்ணாலேயே போய்விட்டார். என் பொய் மட்டும் என்னோடு இருந்தது. மச்சானைப் பார்க்கும்போதெல்லாம், இந்த மனுஷனையா பீடி பற்றவைத்தார் என்று சொன்னேன் என்று உள்ளே சுருக்கென்று குத்தும்.

மச்சான் இறந்து நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அக்காவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உன் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்தேன் அக்கா, மன்னித்துக்கொள் என்றேன். எனக்கு அறுபத்திரண்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி விசும்பினேன். வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்தாள்.

"அத்தாவுக்கு அன்னிக்கே தெரியும்டீ" என்றாள். "எதிரிலே கயித்துக் கடை வராந்தாவிலே நின்னுக்கிட்டிருந்தாராம். வெளியே வந்த மூணு பேரையும் பாத்தாரு, சிரிச்சுக்கிட்டே வந்த உன்னையும் பாத்தாரு."

ஏற்பாட்டைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர்! பிரியாணிக் கடையிலிருந்து எல்லா முகமும் ஒரே மாதிரிதான் வெளியே வரும், அதனால்தான் கஞ்சிக்கடைக்கு அனுப்பினேன் என்று அக்காவிடம் சொன்னாராம். அப்படியென்றால் எல்லாம் தெரிந்தும் மூன்று நாள் எதற்குத் தயங்கினார் என்று கேட்டேன்.

அவர் தயங்கவே இல்லை என்றாள் அக்கா. என் பொய்யைக் கேட்டுவிட்டு, அன்று அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் நேரே அடுக்களைக்கு வந்திருக்கிறார். அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம். அக்காவுக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்து, பையன் நல்லவன், என் கண்ணாலே பாத்தேன் என்றிருக்கிறார். ஆனா சின்னவ இந்தச் சம்பந்தம் வேணாம்னு பொய் சொல்றா. அந்தப் பொடிசுக்குள்ளேயே இவ்வளவு இருக்குன்னா, கட்டிக்கப்போற உனக்குள்ளே என்ன இருக்குன்னு நான் கேக்கவே இல்லையே மோளே என்றிருக்கிறார். வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம், நீ சொல்ற வரைக்கும் நான் கடுதாசி போடமாட்டேன், யார் என்ன பேசினாலும் நான் பாத்துக்கறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் எந்த வீட்டில் எந்த அத்தா அப்படிக் கேட்டார், சொல்லுங்கள். நிக்காஹ் நாளில் பெண்ணிடம் சம்மதமா என்று கேட்கிற கேள்வி வேறு. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. எனக்கு அத்தாவை நினைத்து அன்றைக்கு மறுபடியும் உடம்பு சிலிர்த்தது. மூட்டை மூட்டையாக ஏச்சு வாங்கிக்கொண்டு மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாரே.

அப்படியானால் மூன்று நாளும் நீதான் முடிவு செய்ய முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாயா அக்கா என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"முதல் நாளே சரின்னு முடிவு பண்ணிட்டேன்" என்றாள். "ஆனா நான் நினைச்சா வேணாம்னும் சொல்லலாம்னு இருந்துச்சு பாரு, அதை விட்டுக் கொடுக்க மனசு வரலை. மாடியிலே போய் நின்னு அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். அவ்வளவு நல்லா இருந்துச்சுடீ."